முத்து முத்தான கையெழுத்து

"பேரண்ட்ஸ் எல்லாம் கேட்டுக்கு வெளியவே நில்லுங்கம்மா, பரீட்சை எழுதறவங்க மட்டும் உள்ள வாங்க" என்று வாட்ச்மேன் சொன்னது இன்னும் கோகிலவாணியின் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஹால் டிக்கெட்டை அந்த ஆளின் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவன் போட்டோவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி போட்டோவைப் பார்த்தான், "ஓ, பிரைவேட்டா" என்றான். எதற்கு அந்த ஓ? முப்பது வயதில் ஒருத்தி பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை எழுத வந்தால் ஆளுக்கொரு ஓ போட வேண்டும் என்று சட்டமா? மூன்றாவது தடவை எழுதுகிறேன், மூன்று ஓவாகப் போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்குப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வாயில் வரும். இப்போது வந்து என்ன பிரயோஜனம், வாட்ச்மேன் கேட்டில் இருக்கிறான், அவள் மாடியில் ஜன்னலோர பெஞ்சில் இருக்கிறாள். மணி பத்து ஐந்து. வினாத்தாளைக் கொடுத்துவிட்டார்கள், பத்தேகாலுக்குத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும், அதுவரை படித்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கண் வினாத்தாளில் நிற்க மாட்டேன் என்கிறது, ஜன்னலுக்கு வெளியே கட்டியிருக்கிற பேனருக்கே போகிறது. 'தொடர்ந்து பத்தொன்பதாவது ஆண்டாகப் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு சதவீதத் தேர்ச்சி.' திருப்பூரில் எத்தனை பள்ளிக்கூடம் இருக்கிறது, தனித்தேர்வர்களுக்குச் சென்டர் போட இந்தப் பள்ளிக்கூடம்தானா கிடைத்தது? பத்தொன்பதில் மூன்று போனால் பதினாறு. பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒன்பதாவது முடிந்ததும் இதே மாடிப்படியில்தான் இறங்கிப் போனாள். அப்படியென்றால் அவள் பத்தாவது எழுதியிருக்க வேண்டிய வருஷமும் அந்தப் பேனருக்குள் இருக்கிறது. அவள்தான் அதற்குள் இல்லை. படி, கோகிலா, கேள்வியைப் படி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு அவள் முதல் கேள்விக்கு வந்தாள்.

முப்பத்தைந்து வேண்டும். மற்ற நாலு பாடமும் முதல் தடவையே பாஸ், கணக்குதான் முதலில் இருபத்தேழு, பிறகு முப்பத்துமூன்று. இரண்டே மார்க். அந்த இரண்டு மார்க்கால் இந்த ஆறு மாதம் தினமும் அவள் சரிபார்த்த பனியன் பீஸுக்கெல்லாம் தினகரன் என்கிற பையன் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் பதினோரு வருஷம், தையல் விட்டிருப்பது, காலர் கோணியிருப்பது, ஊசி பட்ட ஓட்டை, எல்லாம் அவள் விரல் போனாலே தெரியும், கண்ணே வேண்டாம். தரக்கட்டுப்பாட்டு ஆள் என்பதற்குக் கியூ.ஸி. என்று பேட்ஜ் குத்திக்கொண்டு வந்த தினகரன் அவளிடம்தான், "அக்கா, இது ஓகேவா ரிஜெக்டான்னு சொல்லுங்க்கா" என்று கேட்டுக் கேட்டு எழுதுகிறான். கேட்பதில் அவளுக்கு வருத்தமில்லை, நல்ல பையன்தான். மேனேஜர்தான் சொல்லிவிட்டார்: "கியூ.ஸி.க்கு மினிமம் டென்த் வேணும்மா, ஆடிட்டுல கேப்பாங்க. சர்டிபிகேட் கொண்டாங்க, அடுத்த மாசமே உங்களப் போட்டுர்றோம். இந்தத் தடவ விட்டீங்கன்னா நான் வேற ஆளப் பாக்கணும், தப்பா எடுத்துக்காதீங்க." இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது, எல்லாரும் அவளிடம் நல்லபடியாகச் சொல்லித்தான் எல்லாவற்றையும் செய்கிறார்கள். மணி அடித்தது. ஒரு மார்க் கேள்விகள் பதினாலு. அவள் பேனாவைத் திறந்தாள். விடைத்தாளில் பகுதி ஒன்று என்று எழுதி, அதன் அடியில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள். போடும்போதே பிரதிபா திட்டுவது கேட்டது. கோடு வேண்டாங்க்கா, கோட்டுக்கு எவனும் மார்க் போட மாட்டான்.

பிரதிபாவுக்கு இருபத்துமூன்று வயது. மாலை நேர மையத்தில் கணக்கு எடுக்கிறாள். டயர் கடைக்கு மேலே தகரக் கொட்டகை, மழை பெய்தால் அவள் கத்துவது யாருக்கும் கேட்காது, போர்டில் எழுதிவிட்டுக் கையைக் காட்டிக்கொண்டே நிற்பாள். படிப்பை விட்டவர்களுக்கு மறுபடி பத்தாவது எழுத வழி செய்து கொடுக்கிற மையம் அது. பேக்கரி மாஸ்டர் ஒருத்தர் வருகிறார், கைக்குழந்தையோடு ஒருத்தி வருகிறாள், டையிங் பட்டறையிலிருந்து விரல் நுனியெல்லாம் நீலமாக நாலைந்து பேர் வருகிறார்கள். சேருகிற அன்றைக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கட்டம்: 'இடைநின்றதற்கான காரணம்.' அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஆத்திரம் வந்தது. இடைநின்றவராம். பஸ் நடுவழியில் நின்றால் இடைநின்றது என்று சொல்லலாம். டிரைவர் கழுத்தைப் பிடித்து இறக்கிவிட்டால் அதற்கும் அதே பெயரா? அதிகாரிகள் வீடு வீடாகக் கணக்கெடுக்க வருகிறபோதும் அந்தச் சொல்தான், பேப்பரில் போடுகிறபோதும் அந்தச் சொல்தான், இடைநின்ற மாணவர்கள் இத்தனை பேர் என்று. நிறுத்தினவர்கள் இத்தனை பேர் என்று ஒரு நாளாவது எவனாவது கணக்கெடுத்தானா? பக்கத்தில் பேக்கரி மாஸ்டர், "இதுல என்ன எழுதறதுங்க?" என்று கேட்டார். யோசிக்காமலே அவள் வாயில் வந்தது: "குடும்பச் சூழ்நிலைன்னு எழுதுங்கண்ணா." அவர் எழுதினார். கைக்குழந்தைக்காரி அதைப் பார்த்து எழுதினாள். அவளும் எழுதினாள், குண்டு குண்டாக, கட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி போகாமல். அந்த வார்த்தை ஏன் அவ்வளவு சுளுவாக வந்தது என்பது அவளுக்குத் தெரியும். வேண்டாம், அதை இப்போது நினைக்கக் கூடாது. ஆறாவது கேள்வி, இரண்டு வட்டங்கள் தொடுகின்றன எனில். அதை நினைத்தால் இன்றைக்கும் போச்சு. விடை ஆ.

பதினாலு ஒரு மார்க்கில் ஏழுக்கு நிச்சயம், மற்றதெல்லாம் சாமி விட்ட வழி. மணி பத்தே முக்கால் ஆகிவிட்டது. பதினைந்து நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்று பிரதிபா சொல்லி அனுப்பியிருந்தாள். மையத்தில் மாதிரிப் பரீட்சை வைத்தபோது ஸ்டாப் வாட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள், முடிந்ததும் பேப்பரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க எழுதுனதுல ஒண்ணுகூடத் தப்பில்லீங்க்கா. எழுதாம உட்டதுதான் ஃபெயிலு. கோணலா எழுதுங்க, அடிச்சு எழுதுங்க, கோழி கிண்டுன மாதிரி எழுதுங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா எழுதி முடிங்க." கோகிலவாணி சரி சரி என்று தலையாட்டினாள். எப்படி முடியும்? எழுத்துக் கோணினால் கை நின்றுவிடுகிறது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் இடம் ஒரே அளவாக இருக்க வேண்டும், சமக்குறிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக நேராக வர வேண்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து எந்தப் பரீட்சையையும் அவள் முழுசாக எழுதியதில்லை. எழுதிய வரைக்கும் டீச்சர்கள் மற்ற பிள்ளைகளிடம் தூக்கிக் காட்டுவார்கள், பாருங்கடி, எழுதினா இப்படி எழுதோணும். பிறகு அதே பேப்பரில் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று மார்க் போட்டுக் கொடுப்பார்கள். இவள் ஏன் பாதிப் பேப்பரோடு நிற்கிறாள் என்று ஏழு வருஷத்தில் ஒரு டீச்சருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இருபத்துமூன்று வயதுப் பெண் ஒரு வாரத்தில் கண்டுபிடித்ததை அத்தனை பேர் கண்டுபிடிக்கவில்லையென்றால் அவர்கள் என்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

வட்டத்துக்குத் தொடுகோடு வரைகிற கணக்கு. ஆரம் மூன்று சென்டிமீட்டர், மையத்திலிருந்து எட்டு சென்டிமீட்டர் தூரத்தில் புள்ளி. இது எட்டு மார்க், இதை விடக் கூடாது. உதவிப்படம் கையாலேயே போட்டால் போதும், அவள் அதையும் காம்பஸை வைத்துப் போட்டாள். அழித்தாள். மறுபடி போட்டாள். பென்சிலைச் சீவினாள். பெஞ்சின் மரத்தில் யாரோ காம்பஸ் முனையால் பெயர் கிறுக்கியிருந்தார்கள், விரலுக்குத் தட்டுப்பட்டது. அவர்கள் யாராக இருந்தாலும் பத்தாவது பாஸ் செய்திருப்பார்கள், பாஸ் செய்பவர்களை மட்டும்தானே இந்தப் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். அவள் இறங்கிப் போன வருஷம் எச்.எம். ஏழு பிள்ளைகளின் பெயரைப் பட்டியல் போட்டிருந்தார், அதன் தலைப்பு 'மெல்ல மலர்வோர்'. மக்கு என்று எழுதவில்லை, என்ன ஒரு நாகரிகம்! மலர்வார்களாம், கொஞ்சம் மெதுவாக. மலர்வார்கள் என்று தெரிந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதுதானே, செடியோடு பிடுங்கி எதற்குக் காம்பவுண்டுக்கு வெளியே போட்டீர்கள்? கம்பெனியிலும் இதே வேலையை அவளே செய்கிறாள். பழுதான பீஸைப் பொறுக்கி எடுத்துவிட்டால் மிச்சம் பூராவும் நூற்றுக்கு நூறு ஓகே, பெட்டி கட்டலாம். ஆனால் அவள் எடுத்த பீஸ் ஆல்ட்டர் செக்‌ஷனுக்குப் போகும், பிரித்துத் தைப்பார்கள், பாதிக்கு மேல் திரும்பி வரும். எடுத்த எடுப்பில் தூக்கி எறிந்தால் மேனேஜர் சும்மா விடுவாரா? ஒரு பனியனுக்கு இருக்கிற மரியாதை ஏழு பிள்ளைகளுக்கு இல்லை. காம்பஸ் முனை தாளில் வழுக்கியது. வில் அரை சென்டிமீட்டர் தள்ளி விழுந்தது. அவள் ரப்பரை எடுத்தாள்.

பதினொன்றேகால் மணி அடித்தபோது தொடுகோடு முடிந்து இரண்டு மார்க் கேள்விகளில் இரண்டாவதில் இருந்தாள். மேலே ஃபேன் நின்று போயிருந்தது, கரண்ட் இல்லை, முதுகில் வியர்வை இறங்கியது. ஹாலில் மேற்பார்வைக்கு வந்திருந்த டீச்சர் வேறு பள்ளிக்கூடத்துக்காரர், நல்ல மாதிரி, வரிசை வரிசையாக நடந்து வந்தவர் அவள் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். கோகிலவாணி நிமிர்ந்து பார்த்தாள். டீச்சர் குனிந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "அடேங்கப்பா, பிரிண்ட் அடிச்ச மாதிரி இருக்குதுங்க. ரெகுலர் புள்ளைங்களே இப்படி எழுதறதில்லை. முத்து முத்தா என்ன அழகு!" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அவ்வளவுதான் சொன்னார். பாராட்டத்தான் சொன்னார். கோகிலவாணியின் கை அப்படியே நின்றது. முத்து முத்தா. அதே இரண்டு வார்த்தை. காலையிலிருந்து எதை நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாளோ அது கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து எதிரிலேயே உட்கார்ந்துகொண்டது.

மே மாசம், வெயில். அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மயிலாத்தாள் நூல் மில்லில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பிரித்துக்கூடப் பார்க்காமல் வைத்திருந்த பாலியஸ்டர் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், பிள்ளைக்கு ஏதோ பரிசு தரப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு. ஸ்டாஃப் ரூமில் கிளாஸ் டீச்சர் அமிர்தவல்லி அம்மாவை உட்கார வைத்தார், மோர் வாங்கிக் கொடுத்தார். "மயிலாத்தா, உம் புள்ள மேல இருக்கற அக்கறைலதான் சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. பத்தாவது போனா இது ஃபெயிலாயிரும். அப்பறம் சர்டிபிகேட்டுல ஃபெயிலுன்னு விழுந்துரும், பொம்பளப் புள்ளைக்கு அது அசிங்கம். இப்பவே டி.சி.ய வாங்கிக்கிட்டா ஒம்பதாவது பாஸுன்னு நல்லபடியா எழுதித் தர்றோம். பின்னால வேணும்னா பிரைவேட்டாக் கட்டி எழுதிக்கட்டும்." அம்மா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். "என்ற புள்ள நல்லாப் படிக்குமுங்களே டீச்சர். அதோட கையெழுத்தப் பாத்தீங்களா" என்றாள். அம்மாவுக்குத் தெரிந்த ஒரே சாட்சி அதுதான், படிக்கத் தெரியாதவள், எழுத்தின் அழகைத்தான் பார்க்க முடியும். டீச்சர் சிரித்தார். "அட, அத யாரு இல்லைன்னது? முத்து முத்தா இருக்கும். கோகிலா, இங்க வா. உங்கம்மாவுக்கு எழுதத் தெரியாதல்ல, லெட்டர நீயே எழுதிரு, நான் சொல்றேன்." மேஜை மேல் வெள்ளைத்தாள், டீச்சருடைய சொந்த ஹீரோ பேனா. அந்தப் பேனாவைத் தொடக் கூட விட மாட்டார், அன்றைக்குக் கையில் கொடுத்தார். அனுப்புநர், பெறுநர், பொருள், தமிழ் இரண்டாம் தாளில் ஐந்து மார்க் கேள்வி, அவளுக்கு அத்துபடி. 'எனது மகள் செல்வி கோகிலவாணி குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர இயலாத நிலையில் உள்ளார். ஆகவே எனது விருப்பத்தின்பேரில் மாற்றுச் சான்றிதழ் வழங்குமாறு.' அவள் எழுதினாள். ஓரத்தில் கோடு போட்டு எழுதினாள். பதினாலு வயதுப் பெண் தன்னைத் தானே வெளியே அனுப்புகிற கடிதத்தை, பொருள் என்கிற வார்த்தைக்கு அடியில் இரண்டு கோடு போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினாள். 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்று முடித்ததும் அம்மா பெருவிரலை மையில் தொட்டு வைத்தாள். டீச்சர் தாளைத் தூக்கிப் பார்த்து, "பாருங்க டீச்சர், எவ்வளவு அழகா எழுதியிருக்கா" என்று பக்கத்து மேஜை டீச்சரிடம் காட்டினார். அவளுக்கு, சொன்னால் வெட்கக்கேடு, பெருமையாக இருந்தது.

அத்தோடு விட்டார்களா? அதுதான் இல்லை. அதுவரைக்குமாவது ஏமாந்த பிள்ளை என்று தன்னை மன்னித்துக்கொள்ளலாம். வராந்தாவில் இன்னும் ஆறு பேருடைய அம்மா அப்பா உட்கார்ந்திருந்தார்கள். பட்டியலில் மொத்தம் ஏழு பேர். "வந்ததே வந்துட்ட, இதுகளுக்கும் நீயே எழுதிக் குடுத்துரு சாமி. இதுக எழுத்த எச்.எம். கண்ணால பாக்க முடியாது" என்றார் அமிர்தவல்லி டீச்சர். அவள் எழுதினாள். ஆறும் எழுதினாள். நாலாவது கடிதத்தில் டீச்சர் நிறுத்தினார்: "எல்லாத்துக்கும் குடும்பச் சூழ்நிலைன்னே போட்டா நல்லா இருக்காது. ரெண்டுல வெளியூர் செல்வதால்னு போடு." போட்டாள். யாரும் எந்த ஊருக்கும் போகவில்லை. ருக்குமணிக்கு வெளியூர் செல்வதால் என்று எழுதினாள், அந்த ஆவணியிலேயே அவளைக் காங்கயத்துக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், கடிதம் உண்மையாகிவிட்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது ருக்குமணிக்குப் பாதி முடி நரைத்திருந்தது. சிரித்துக்கொண்டேதான் பேசினாள். "அந்த லெட்டர நீதான எழுதுன? டீச்சர் படிச்சுக் காட்டுறப்ப எங்கப்பன் அழுதுட்டாரு தெரியுமா? எழுத்து அவ்வளவு அழகா இருந்துச்சாமா" என்றாள். கிண்டலாகச் சொன்னாளா, நிஜமாகச் சொன்னாளா? இவ்வளவு நாளாக யோசித்தும் தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செருப்பைக் கழற்றியிருந்தால் இன்னும் தேவலை. மையத்தில் இவள்தானே பேக்கரி மாஸ்டருக்குக் குடும்பச் சூழ்நிலை என்று எடுத்துக் கொடுத்தாள், கைக்குழந்தைக்காரிக்கும் அதே, பதினாறு வருஷம் கழித்தும் அதே கடிதத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாளா? எச்.எம்.மேல் கோபம், அமிர்தவல்லிமேல் கோபம், மோரைக் குடித்த அம்மாமேல் கோபம், இந்தப் பேனரைக் கட்டின ஆள்மேல் கோபம், எல்லாம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அந்த ஹீரோ பேனாவைப் பிடித்திருந்த கைமேல் நிற்கிறது. இந்தக் கைதான். இதோ இந்தக் கை, பேனாவைப் பிடித்துக்கொண்டு, ஐந்தாவது இரண்டு மார்க் கேள்வியின் நடுவில், சும்மா கிடக்கிறது. பன்னிரண்டேகால் மணி அடித்தது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு மணி நேரமா? ஒரு மணி நேரத்தில் நின்று நின்று எழுதியது மூன்று கணக்கு. மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள், ஒரு மார்க்கில் ஏழு, தொடுகோடு எட்டு, இரண்டு மார்க்கில் நாலு கணக்கு எட்டு, இருபத்துமூன்று. போன தடவையை விடக் குறைவு. பக்கங்களைப் பார்த்தாள், எல்லாம் பளிச்சென்று இருந்தது, சமக்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அணிவகுத்து நின்றன, பார்த்தால் யாரும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், ஒற்றிக்கொண்டு ஃபெயில் போடுவார்கள். பார்க்கப் பார்க்க அவளுக்கு அந்த எழுத்தே ஆகவில்லை. தூ, இதுவும் ஒரு எழுத்தா! யாரிடம் நல்ல பெயர் வாங்க இவ்வளவு குழைகிறது இது? அவள் ஸ்கேலை எடுத்துப் பெஞ்சின் அடுத்த முனைக்குத் தள்ளினாள், அது சத்தத்தோடு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. வரைபடத்தாளைப் பிரித்தாள். பதினாறு பேர் பத்து நாளில் முடிக்கும் வேலையை எத்தனை பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள், வரைபடம் வரைக. ஆள் கூடினால் நாள் குறையுமாம். எங்கள் கம்பெனிக்கு வந்து பார், ஆள் கூடினால் டார்கெட்தான் கூடும். இருபது பேருக்கு எட்டு நாள், முப்பத்திரண்டு பேருக்கு ஐந்து நாள், நாற்பது பேருக்கு நாலு நாள், அட்டவணையைக் கட்டம் கட்டாமல் சும்மா எழுதினாள், புள்ளி புள்ளி புள்ளி, கையாலேயே வளைவை இழுத்தாள். வளைவு கொஞ்சம் நடுங்கிப் போனது. போகட்டும். சரியான புள்ளிகள் வழியாகப் போகிறது, அது போதும். அடுத்தது. கணக்கு நம்பரை மட்டும் போட்டுவிட்டு நேராக உள்ளே இறங்கினாள். ஐந்து என்பது எஸ் மாதிரி விழுந்தது, அடித்தாள், பக்கத்தில் மறுபடி எழுதினாள், அடித்த இடம் கறுப்பாக அசிங்கமாக நின்றது, அதைப் பார்த்ததும் ஒரு பல்வலி நின்ற மாதிரி சுகம். எழுது. கோழி கிண்டட்டும். சமக்குறி எங்கே போனால் என்ன, இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா, இருக்கிறது, அடுத்தது. வரிகள் மேலே ஏறின, கீழே இறங்கின, மார்ஜினைத் தாண்டி ஓடின. விரல் வலித்தது. மெல்ல மலர்வோராம். மெல்ல. யாருடி மெல்ல? அடுத்தது. குடும்பச் சூழ்நிலையாம், அடுத்தது. கன அளவு கேட்டிருந்தான், சூத்திரம் தெரியும், பை ஆர் ஸ்கொயர் எச், பெருக்கலை ஓரத்திலேயே கிறுக்கினாள், கிறுக்கல்மேல் கிறுக்கல் ஏறி அவளுக்கே படிக்கக் கஷ்டமாக இருந்தது, விடையை மட்டும் பெரிசாக எழுதி ஒரு வட்டம் போட்டாள். கூட்டிப் பார்க்க நேரமில்லை. முப்பத்தைந்தை எந்த இடத்தில் தாண்டினாள் என்று அவளுக்குத் தெரியாது. தாண்டிவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது, கை நிற்கவில்லை.

"என்னங்க இது?" என்று பக்கத்தில் குரல் கேட்டது. மேற்பார்வை டீச்சர். முகத்தில் நிஜமான வருத்தம், தன் வீட்டுச் சுவரில் யாரோ கிறுக்கிவிட்டதைப் பார்ப்பவர் போல. குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "முன்னால எவ்வளவு அழகா எழுதியிருந்தீங்க, பின்னால ஏன் இப்படிக் கொத்துக்கறி போட்டு வெச்சிருக்கீங்க? திருத்தறவங்க மூடு கெட்டுப் போயிருமுங்க. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்குது. இந்த ரெண்டு பக்கத்த அடிச்சுட்டு, நிதானமா அழகா எழுதிக் குடுத்துருங்களேன்." நல்லதுக்குத்தான் சொன்னார். அக்கறையில்தான் சொன்னார். வழக்கம்போல பத்து நிமிஷம் கழித்து வர வேண்டிய பேச்சு கோகிலவாணிக்கு அன்றைக்கு அந்த நொடியே வாயில் வந்தது, நினைத்ததை விடச் சத்தமாக வந்தது. "அழகா எழுதிக் குடுத்துத்தானுங்க டீச்சர் இந்தப் பள்ளிக்கூடத்த உட்டு வெளிய போனேன்."

ஹாலில் ஏழெட்டுத் தலைகள் திரும்பின. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி சரி, சத்தம் போடாதீங்க, உங்க இஷ்டம்" என்று சொல்லி ஒரு அடி பின்னால் போனார். கோகிலவாணி பக்கத்தைத் திருப்பினாள். பதினஞ்சு நிமிஷத்தில் இன்னும் இரண்டு கணக்குப் போடலாம். மார்க் தேவையோ தேவையில்லையோ, அவள் இந்த ஹாலில் ஒரு கேள்வியைக் கூட விட்டுவிட்டுப் போவதாக இல்லை. கேள்வி எண்ணைத் தப்பாகப் போட்டாள், அடித்தாள், சரியாகப் போட்டாள், எழுத ஆரம்பித்தாள்.